மீந்த கேக்கில் அம்மா செய்த புட்டிங்

1. கிறிஸ்துமஸ் முடிந்து, அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்த கேக் துண்டுகள் எங்கள் பிரிட்ஜில் மீந்து கிடந்தன.
2. அம்மா அவற்றையெல்லாம் உதிர்த்து ஒரு புட்டிங் செய்தாள்.
3. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா அதில் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.
4. அவருடைய முகம் சிவந்தது.
5. அவர் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அம்மா சொன்னாள்.
6. இல்லை என்று அப்பா சொன்னார்.
7. அம்மா அலமாரிக்கு மேலிருந்த பையை இறக்கினாள்.

நான்காவதைப் பார்த்து நாங்கள் ஏன் அப்படிப் பயந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு சாலை பஜார் என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. எரிந்துபோன மோட்டாரின் செப்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்று பிசகாமல் சுற்றிக் கொடுக்க வேண்டும். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் கை நடுக்கத்தால் மிக்சி மோட்டார்களை எடுப்பதை விட்டிருந்தார். பம்பு செட் மட்டும் செய்வார். அதில் கம்பி தடிமன், நடுங்கும் கைக்கும் அடங்கும்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் சபையிலிருந்து பொன்முடி மலைக்கு வேனில் போனோம். திரும்பும் வழியில் கல்லாற்றில் டீ குடிக்க நிறுத்தினார்கள். வேன் கிளம்பும் நேரத்தில் அப்பாவைக் காணவில்லை. தேடியபோது ஆற்றுக்குள் இரண்டு பாறைகளுக்கு நடுவில் குடிபோதையில் மல்லாந்து கிடந்தார். தண்ணீர் அவர் மார்பின் மேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. மலையில் மழை பெய்தால் அந்த ஆறு எவ்வளவு வேகமாகப் பொங்கும் என்பது அங்கிருந்த கடைக்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் போட்ட சத்தத்தில்தான் எனக்கும் தெரிந்தது. அம்மா சேலையோடு இறங்கி அவர் தலையைத் தூக்கிப் பிடித்தாள். கரமனையில் எங்கள் வீடு வந்து சேரும்வரை அவள் சேலை காயவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா சொன்னாள்: "இனி ஒரு தடவ குடிச்சா, நான் மார்த்தாண்டத்துக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். பிள்ளையையும் கூட்டிட்டுப் போவேன். பிறகு வந்து கூப்பிடாண்டாம்."

சண்டையில் வாய்க்கு வந்ததைச் சொல்கிற பழக்கம் அம்மாவுக்கு இல்லை. அது அப்பாவுக்கும் தெரியும். அடுத்த மாதமே சிகிச்சைக்குப் போனார். சில வாரங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வெளியே வரும்போது தினமும் போட வேண்டிய ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள். அது உடம்பில் இருக்கும்போது மது கொஞ்சம் உள்ளே போனாலும் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும். அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. இதையெல்லாம் டாக்டர் அப்பாவை முன்னால் உட்கார வைத்தே சொன்னார். அப்பா தலையாட்டிச் சம்மதித்தார்.

காலையில் தோசைக்கு முன்னால் அம்மா மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைப்பாள். அவர் விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவார். "பள்ளிக்கூடத்துல புழு மாத்திர குடுக்குத மாதிரில்லா இருக்கு," என்பார். அம்மா சிரிக்க மாட்டாள். நாக்கின் அடியையும் பார்த்துவிட்டுத்தான் தோசையைப் போடுவாள்.

நான் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். எந்தெந்தப் பொருளில் ஆல்கஹால் இருக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இருமல் மருந்து போயிற்று. சவரம் செய்துவிட்டுத் தடவும் லோஷன் போயிற்று. ஹோமியோ சொட்டு மருந்து போயிற்று. வினிகர் ஊற்றிய ஊறுகாய்கூட எதற்கு வம்பு என்று பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. நான் சொன்னதற்கு மேலேயே அம்மா செய்தாள்.

இருந்தும் பயம் குறையவில்லை. முகம் சிவக்கும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போது நாங்கள் முதலில் பார்ப்பது அவர் முகத்தின் நிறத்தைத்தான். வெயிலில் நடந்து வந்தால் எல்லோருடைய முகமும்தான் சிவக்கும். அவர் பேருந்து கிடைக்காமல் கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து வந்த நாட்களில், அவர் தண்ணீர் குடித்து, விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, நிறம் பழையபடி ஆகும்வரை நானும் அம்மாவும் வேறு வேலை செய்வதுபோல நிற்போம். நாங்கள் எதற்காக நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியும்.

குடியை விட்டதிலிருந்து அவருக்கு இனிப்பின் மேல் ஆசை வந்திருந்தது. முன்பெல்லாம் கேக்கைத் தொடவே மாட்டார். இப்போது சர்க்கரை டப்பாவைத் திறந்து ஸ்பூனால் அள்ளிப் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சிகிச்சைக்குப் போனவர்களுக்கு அப்படி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இனிப்பாவது தின்னட்டும்" என்று அம்மா தினமும் ஏதாவது செய்தாள்.

மலையாளிகளும் நாங்களும் கலந்து வாழும் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டிலிருந்தும் எல்லா வீட்டுக்கும் கேக் போகும். இந்து வீடுகளும் பேக்கரியில் வாங்கித் தட்டில் வைத்து அனுப்புவார்கள். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது. பண்டிகை முடிந்த மூன்றாவது, நான்காவது நாளில் எங்கள் சமையலறையில் கழுவிக் கவிழ்த்த பிறர் வீட்டுத் தட்டுகள் ஒரு பக்கமும், பிரிட்ஜுக்குள் தின்று தீராத கேக் துண்டுகள் ஒரு பக்கமுமாக இருக்கும். கறுப்பு பிளம் கேக், மஞ்சள் வெண்ணெய் கேக், மேலே பிசுபிசுவென்று ஐசிங் வழிந்தது, ஓரம் காய்ந்து ரஸ்க் ஆகிப்போனது. இந்த இரண்டு சிக்கலுக்கும் அம்மா கண்டுபிடித்த ஒரே வழி புட்டிங். எல்லாக் கேக்கையும் ஒன்றாக உதிர்த்து, நனைத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் அடுக்கி, மேலே கஸ்டர்ட் காய்ச்சி ஊற்றிக் குளிர வைப்பாள். அதைத் தட்டுதட்டாக வெட்டி அந்தந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புவாள்.

"அவங்க கேக்க அவங்களுக்கே விக்கியா நீ," என்று அப்பா கேலி செய்வார்.

"விக்கல்லே. திருத்தி அனுப்புதேன். நீங்க எரிஞ்ச மோட்டார என்ன செய்யுதியோ?"

அந்த வருடமும் அப்படித்தான். காலையில் கேக்கையெல்லாம் உதிர்த்த பிறகுதான் கஸ்டர்ட் பவுடர் இல்லை என்று தெரிந்தது. அம்மா அப்பாவை அனுப்பினாள். கரமனைக் கடையில் வாங்கிவிட்டு உடனே வந்திருக்க வேண்டியவர், வரவில்லை. அம்மா அடுப்பைத் தணித்தாள். பிறகு அணைத்தாள். ஜன்னலருகே போய் நின்றாள். சாலை பஜாருக்கும் கிழக்கேகோட்டைக்கும் போகிற வழியில் மதுக்கடை இருக்கிறது. பண்டிகை நாட்களில் அங்கே வரிசை தெருமுனை வரை வரும்.

அப்பா வந்தபோது முகம் சிவந்திருக்கவில்லை. கையில் கஸ்டர்ட் பவுடர் இருந்தது. "இங்க கடை பூட்டிக் கெடந்து. கிழக்கேகோட்டைக்குப் போயில்லா வாங்குனேன்," என்றார். அம்மா பாக்கெட்டை வாங்கிக்கொண்டு ஒரு கணம் கூடுதலாக அவர் பக்கத்தில் நின்றாள். மணம் பிடிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்றும் இல்லை போலிருந்தது. உள்ளே போனாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு புட்டிங். அப்பா முதல் ஸ்பூனை வாயில் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தார். "இது நல்லாருக்கே. என்ன போட்ட?"

"எப்பவும் போடுததுதான். முன்னாடி நீங்க என்னைக்குத் தின்னுருக்கியோ?"

அவர் கிண்ணத்தை வழித்துவிட்டு மறுபடி நீட்டினார். அம்மா இரண்டாம் தடவை அடியிலிருந்து, நன்றாக ஊறிய பகுதியைப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. எனக்குக் கேக் அலுத்துவிட்டிருந்ததால் நான் சாப்பிடவில்லை. அம்மா தனக்கு எடுக்காமல், பக்கத்து வீட்டுத் தட்டில் பாதியை வைத்து மதிலுக்கு மேலே கொடுத்துவிட்டு வந்தாள்.

அவள் திரும்பி வந்தபோது அப்பாவின் காது சிவந்திருந்தது.

முதலில் காதுகள். பிறகு கழுத்து. பிறகு நெற்றி வரை ஒரே சிவப்பு. மயிர்க்கால்களில் வியர்வை நின்றது. "எனக்க தல வெடிக்குத மாதிரி இருக்கு மக்களே," என்றார் என்னிடம். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணத் தொடங்கினேன். எண்ணுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டது. விரல் நுனிகள் சில்லென்று இருந்தன. வேலையில் நான் கையாளுவது குழாயில் அடைத்த ரத்தம். அது ஓடாது, துடிக்காது. இது என் விரலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா நெருங்கி வந்து குனிந்தாள். அவர் வாய்க்கு அருகில் மூக்கை வைத்தாள். எனக்கும் அந்த மணம் வந்தது. லேசாகத்தான். ஆனால் அந்த மணம் எங்கள் வீட்டுக்குப் புதிது அல்ல.

"குடிச்சிருக்கியோ."

"இல்ல."

"கிழக்கேகோட்டை. கடை பூட்டிக் கெடந்து. நான் என்ன புத்தியில்லாத பொட்டியா?"

"சத்தியமாட்டு இல்ல. பிள்ளையாணை."

"பிள்ளையத் தொட்டு ஆணையிடாண்டாம்!"

அம்மா கத்தியது அந்த ஒரு தடவைதான். அறைக்குள் போய் நாற்காலி போட்டு ஏறி, அலமாரிக்கு மேலிருந்த பையை இறக்கினாள். உள்ளே அவள் சேலைகளை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அப்பா குனிந்து தரையில் வாந்தி எடுத்தார். கஸ்டர்டும் கறுப்புக் கேக்கும். எடுத்துவிட்டு, "நெஞ்சு படபடன்னு அடிக்குது. நிக்கல்ல மக்களே," என்றார்.

எனக்குள் இரண்டு பயம் இருந்தது. அவர் செத்துப்போவாரோ என்பது ஒன்று. குடித்திருப்பாரோ என்பது இன்னொன்று. எந்தப் பயம் பெரிது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் என்னால் உடனே பதில் சொல்லியிருக்க முடியாது.

நான் மதிலுக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு மலையாளி ஆன்ட்டி எதுவும் கேட்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். "ஆட்டோ நிக்குன்னு மோளே, வேகம் வா!" என்று சத்தம் வந்தது. அப்பாவை நானும் அவரும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினோம். அம்மா பையோடு வெளியே வந்தாள். ஒரு கணம் வாசலில் நின்றாள். பிறகு அவளும் ஆட்டோவில் ஏறினாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் காஷுவல்டிக்குள் அப்பாவைப் படுக்க வைத்து, தலையணையை எடுத்துவிட்டு, காலை உயர்த்தினார்கள். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் வேறு ஒரு நர்ஸைக் கூப்பிட்டு மறுபடி பார்க்கச் சொன்னார். நான் என்ன எண் என்று கேட்டேன். சொன்னார்கள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

என்ன மாத்திரை எடுக்கிறார் என்று நான் சொன்னதும், அங்கிருந்த அட்டெண்டர் சிரித்துவிட்டார். "கிறிஸ்துமஸ் அல்லே. இந்நு இது மூணாமத்தெ ஆளு." இன்று அப்பா மூன்றாவது ஆளாம். அப்பா படுத்தபடியே, "நான் குடிக்கல்ல," என்றார். யாரும் அதை மறுக்கக்கூட இல்லை. குழந்தை சொல்வதைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு ஊசி போட்டார்கள்.

அப்பாவுக்கு மறுபடி குமட்டியது. நர்ஸ் துண்டு இருந்தால் எடுக்கச் சொன்னார். நான் அம்மாவின் மடியிலிருந்து பையை வாங்கித் திறந்தேன்.

அம்மாவின் சேலைகள். அம்மாவின் வேதாகமம். அம்மாவின் கண்ணாடி. என்னுடைய இரண்டு சுரிதார். அவ்வளவுதான். துண்டு இல்லை. அப்பாவின் வேட்டி ஒன்று இல்லை, லுங்கி ஒன்று இல்லை.

அப்பா தலையைத் திருப்பிப் பைக்குள் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"போறியா?" என்றார்.

அம்மா பையை என் கையிலிருந்து வாங்கி மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் டாக்டர் வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூடுதலாக இருக்கும். கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே, இன்று என்னென்ன சாப்பிட்டார் என்று மலையாளத்தில் கேட்டார். அம்மா பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"காலைல தோசை. மத்தியானம் சோறு, மீன் கொழம்பு. பிறகு புட்டிங்கு."

"புட்டிங்கில் எந்தாணு?"

"மீந்த கேக்கு டாக்டர். பாலு, கஸ்டர்ட் பவுடர், சீனி, ஏலக்கா. கேக்கு காஞ்சு போயிருந்து. அதனால ஊறதுக்குக் கொஞ்சம் வைன் விட்டேன்."

டாக்டரின் பேனா நின்றது. "வைனோ?"

"வீட்டு வைனு. கடையில வாங்கினதில்ல, நானே போட்டது." அம்மாவின் குரலில் சின்னதாக ஒரு பெருமைகூட இருந்தது. "திராட்சையும் சீனியும் கிராம்பும் கோதம்பும் மட்டுந்தான். வேற ஒண்ணும் சேக்கல்ல."

எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பீங்கான் பரணி, பெரிய ஜாடி, இருந்தது. அம்மா வருடாவருடம் அதில் வைன் போடுவாள். தினமும் திறந்து மரக்கரண்டியால் கிண்டுவாள். வீட்டுக்கு வரும் சபைப் பெண்களுக்குச் சின்னக் கண்ணாடி டம்ளரில் கேக்கோடு கொடுப்பாள். எங்கள் சபையில் குடி பெரிய பாவம். ஆனால் அந்தப் பரணியில் இருப்பது குடி என்று ஒருவரும் நினைத்ததில்லை. அப்பா தன் மோசமான நாட்களில்கூட அதைத் தொட்டதில்லை. "அது பொம்பளையளுக்க சர்பத்து," என்பார். இருமல் மருந்தைத் தூக்கி எறிந்த அம்மா, அந்தப் பரணியைத் தாண்டித்தான் குப்பைத் தொட்டிக்குப் போனாள். சொல்லிக் கொடுத்த நானும்தான்.

"எத்ர ஒழிச்சு?" எவ்வளவு ஊற்றினீர்கள் என்றார் டாக்டர்.

"ஒரு டம்ளர். பிறகு அடியில ஊறல்ல போல இருந்து. இன்னொரு டம்ளர்."

"அடுப்புல வச்சு சூடாக்கினியாம்மா?" என்று நான் கேட்டேன்.

"இல்ல பிள்ளே. சூடாக்கினா ருசி போயிரும்லா."

டாக்டர் கடுமையாகப் பேசவில்லை. "அம்மே, வீட்டில் உண்டாக்கியாலும் வைன் வைன் தன்னே," என்றார்.

"இல்ல டாக்டர், அது…" என்று அம்மா தொடங்கினாள். முடிக்கவில்லை. அவள் கண்கள் அப்பாவின் முகத்துக்குப் போயின. காதிலிருந்து நெற்றி வரை இருந்த அந்தச் சிவப்பைப் பார்த்தாள். அவர் குடித்ததற்குச் சாட்சி என்று அவள் நினைத்த சிவப்பு.

அப்பா கண்ணை மூடியபடியே என்னிடம் பேசினார். "கேட்டியா மக்களே. பட்டறைக்கு வந்து எத்தன பேரு குடிக்கக் கூப்பிட்டானுவ. நான் போகல்ல. கடசில ஒனக்க அம்மைல்லா ஸ்பூனு வச்சு ஊட்டித் தந்திருக்கா. அதுவும் அடியில ஊறினதாப் பாத்து."

அட்டெண்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அப்பாதான் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் குமட்டலாக மாறியது. அம்மா பைக்குள் கைவிட்டு, மேலே இருந்த சேலையை உருவினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு உடுத்தும் வெள்ளைச் சேலை. அதை நாலாக மடித்து அவர் மோவாய்க்குக் கீழே பிடித்தாள். டிரிப் இறங்கி முடியும்வரை அதை விடவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அவர் தலையைப் பிடித்திருந்த விதம் மட்டும் கல்லாற்றில் பிடித்திருந்ததைப் போலவே இருந்தது.

சாயங்காலத்துக்குள் சிவப்பு வடிந்தது. ரத்த அழுத்தம் ஏறியது. மறுநாள் காலை அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே பக்கத்து வீட்டு ஆன்ட்டி மதிலருகே வந்து அப்பாவின் உடம்பை விசாரித்தார். பிறகு, பேச்சை நல்லபடியாக முடிக்க நினைத்தாரோ என்னவோ, "சேச்சி, புட்டிங் அசலாயிருந்நு கேட்டோ. குட்டிகள் பின்னெயும் சோதிச்சு," என்றார். புட்டிங் பிரமாதமாம், பிள்ளைகள் மறுபடி கேட்கிறார்களாம். அம்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்து ஓடையில் பரணியைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. புளித்த திராட்சை மணம் மாலை வரை வீட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பா ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

இதோடு பயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. புதுவருடம் பிறந்த பிறகு ஒரு நாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அந்தப் புட்டிங்கு நல்லாத்தான் இருந்து," என்றார். கேலியாகத் தொடங்கினார். பிறகு கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு எதையோ யோசித்தார். நாக்கை உதட்டின் உட்பக்கம் ஒரு தடவை ஓட்டினார். அம்மா பார்த்தாள். நானும் பார்த்தேன். முதல் ஸ்பூனிலேயே அவர் நிமிர்ந்து பார்த்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அவருக்கு முன்னாலேயே அவர் நாக்கு வைனைத் தெரிந்துகொண்டிருக்கிறது. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனோம். அப்பா தானாகவே அவரிடம் சொன்னார்: "குடிக்க ஆச வந்து டாக்டர். மறைக்கல்ல." அந்த மாதம் முழுவதும் டாக்டர் வாராவாரம் வரச் சொன்னார்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. அப்பாவுக்கு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். ஆகவே அவர் குடித்தாலும் இனி முகம் சிவக்காது. அவர் சொல்வதை நம்புவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இல்லை. குடிக்கவில்லை என்கிறார். மிக்சி மோட்டார்களை மறுபடி எடுக்கிறார், மயிரளவு கம்பி அவர் கையில் அறுவதில்லை. அம்மா மீந்த கேக்கைப் பாலில் மட்டும் நனைத்துப் புட்டிங் செய்கிறாள், பிறர் வீட்டுப் பிளம் கேக்கை, ரம் ஊறியிருக்குமோ என்று, தனியே எடுத்து வைத்துவிடுகிறாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நானும் அவளும் இன்னும் முகத்தைத்தான் பார்க்கிறோம். பை அலமாரிக்கு மேலே இருக்கிறது. சென்ற வாரம் தூசி தட்டும்போது திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது.